ஒன்பது மீன், ஐம்பது லிட்டர்

(சென்னையில் வண்ண மீன் வளர்ப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் சிலர் கொளத்தூர் வண்ண மீன் கடைத்தெருவிலிருந்து நேரே வருகிறீர்கள் போலிருக்கிறது. நாற்காலிகளுக்குக் கீழே காற்றடைத்த பைகள் தெரிகின்றன. தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பையை வெயில் படாத இடத்தில் வையுங்கள். ‘பாவம், மூச்சு விடட்டும்’ என்று முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். ஏன் என்பது பேச்சின் நடுவில் தானாக வரும்.

மீன் அதிகமாகிவிட்ட வீட்டுத் தொட்டியில் தண்ணீரை எப்படிக் காப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மீன் வளர்ப்புப் புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரே வரியோடு நின்றுவிடும்: அளவோடு மீன் விடுங்கள். நல்ல வரிதான். ஆனால் ஏற்கெனவே விட்டுவிட்டவர் என்ன செய்வார்? நம் வீடுகளில் இருக்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை நெருக்கமானவை. அதற்கு ஆசை மட்டும் காரணம் கிடையாது. கப்பியும் மோலியும் மாதத்துக்கொரு தடவை குட்டி போடும். விரல் நீளத்தில் வாங்கி வந்த கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் ஆகும். அப்புறம் வாஸ்து. எட்டு கோல்டு, ஒரு கருப்பு, ஆக ஒன்பது மீன் இருந்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்று யாரோ சொல்ல, 2 அடித் தொட்டியோடு ஒன்பதையும் ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். வாஸ்து சொன்னவர் எத்தனை லிட்டர் என்று சொல்லவில்லை.

நான் சொல்லிவிடுகிறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் 56 லிட்டர் சொச்சம். கூழாங்கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லிட்டர் நின்றால் அதிகம். இன்று முழுக்க இந்த 50 லிட்டரை வைத்தே கணக்குப் போடுவோம். உங்கள் தொட்டி பெரியதானால் அந்த விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதே கொள்ளளவில் ஒரு பழைய தொட்டி உண்டு. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் சுமார் 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றுத் தண்ணீர் விட்டு, வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, சின்ன கோல்டு ஃபிஷ் விட்டார். அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் சேர்த்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று கெமிக்கல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். வீட்டுக்குள் மீன் தொட்டி என்ற மோகம் அந்த நாட்டில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ‘தானே சமநிலைக்கு வந்துவிடும்’ என்று இன்றும் கடைகளில் கேட்கும் பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வாரிங்டன் அந்தப் பாத்திரத்தில் விட்டது இரண்டு சின்ன மீன்கள்.

இரண்டு மீனுக்கும் ஒன்பது மீனுக்கும் வித்தியாசம் என்ன? அழுக்கு கூடும் என்பீர்கள். கூடும், சரி. ஆனால் என் அனுபவத்தில் நெருக்கமான தொட்டியில் முதலில் தீர்ந்துபோவது அவகாசம். இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் ஃபில்டர் நின்றால் மறுநாள் கவனித்துக்கொள்ளலாம். ஒன்பது மீன் தொட்டியில் ராத்திரி நின்றால் காலையில் மீன் மிதக்கும். ஒரு வாரம் தண்ணீர் மாற்ற மறந்தால் அங்கே ஒன்றும் ஆகாது, இங்கே ஆகும். நான் இன்று சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் அந்த அவகாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கும் வேலைகள்.

சரி, எவ்வளவு அழுக்கு? இதற்கு மீனை எண்ண வேண்டியதில்லை. ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் என்பதுபோன்ற கணக்குகளை நான் நம்புவதில்லை. ஓர் அங்குல நியான் டெட்ரா பத்தும், பத்து அங்குல ஆஸ்கர் ஒன்றும் சமம் என்று சொல்லும் கணக்கு அது. தொட்டிக்குள் போவது தீனி, ஆகவே தீனியை எண்ணுங்கள். டப்பா வாங்கிய தேதியை மூடியில் எழுதி வையுங்கள். 100 கிராம் டப்பா 50 நாளில் தீர்ந்தால் தினம் 2 கிராம். தராசு தேவையில்லை.

அந்த 2 கிராமைத் தொடர்ந்து போவோம். நல்ல தீனியில் 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 2 கிராம் தீனியில் 128 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் மீனின் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். பாதிக்கு மேல் அம்மோனியாவாக வெளியே வருகிறது. பலரும் நினைப்பதுபோல அது கழிவில் வருவதில்லை, பெரும்பகுதி செவுள் வழியாகத் தண்ணீரில் நேரே கரைகிறது. அதனால் அடியில் தேங்கிய கசடை மட்டும் உறிஞ்சி எடுத்தால் தீராது. மீன் பண்ணைகளில் போடும் கணக்குப்படி இந்த 2 கிராமிலிருந்து தினம் சுமார் 75 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். 50 லிட்டரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். இதை யாரும் எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும்.

எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அடுத்த கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதன்பின் நூறு வருஷம், இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. 1998-இல் திமோத்தி ஹோவனெக் குழுவினர் நன்னீர் மீன் தொட்டிகளையே ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டினார்கள். 2015-இல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவும் இருக்கிறது என்று தெரிந்தது. அப்படிப்பட்டது ஒன்று கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டர். நம் வீட்டுப் பஞ்சில் இன்னும் என்னென்ன குடியிருக்கிறதோ.

இவற்றைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது இதுதான். கல்யாணப் பந்தியில் இலை எடுக்கும் ஆட்களை இலைக் கணக்குப் பார்த்துத்தான் அமர்த்துவார்கள். திடீரென்று நூறு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்தால் எச்சில் இலை அப்படியே கிடக்கும். பாக்டீரியாவும் நேற்றைய தீனிக்குத் தகுந்த அளவில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மீனைக் கூடுதலாக விட்டால் அது பெருகிச் சமாளிக்க நாளாகும். புதுத் தொட்டி என்றால் நாலு முதல் ஆறு வாரம். அதனால்தான் ஒன்பதையும் ஒரே நாளில் விட்ட தொட்டியில் இரண்டாவது வாரம் மரணம் தொடங்குகிறது.

அந்த வாரம் வீட்டில் என்ன சொல்வார்கள் தெரியுமா? வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது, திருஷ்டி கழிந்தது. ஒரு மீன் செத்ததும் இன்னொன்றை வாங்கி விடுவார்கள், அதுவும் ஒரு கண்டத்தை வாங்கிக்கொள்ளும். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் திருஷ்டி கழித்த மீன் கிடந்த தண்ணீரில் இரண்டு சொட்டுப் பரிசோதனை மருந்தை விட்டுப் பாருங்கள். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அட்டைப்பட்டையைவிடச் சொட்டு மருந்து நம்பகமானது. ஃபிளவர்ஹார்ன் மீன் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இந்தப் பெட்டிக்கு யோசிப்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

நைட்ரைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கும். காற்று நன்றாக ஓடும் தொட்டியிலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் இதைச் சந்தேகியுங்கள். தூள் உப்போ கல்லுப்போ, லிட்டருக்கு 1 கிராம் போட்டால் உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டை உள்ளே விடாமல் மறிக்கும். கடையில் எதற்கெடுத்தாலும் கொடுக்கும் நீல மருந்தை, அதாவது மெத்திலீன் புளூவை, பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள். உங்களுக்காக வேலை செய்யும் பாக்டீரியாவையும் அது முடக்கும். நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்து அங்கே போடுங்கள்.

இனி இந்தப் பாக்டீரியாக்கள் கேட்கும் கூலிக்கு வருவோம். எல்லாரும் விட்டுவிடும் பகுதி இதுதான்.

முதல் கூலி ஆக்சிஜன். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும். நம் 75 மில்லிகிராமுக்கு தினம் 340 மில்லிகிராம். தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறது? 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் ஏழரை. சென்னை வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 30-க்குக் கீழே இறங்குவதில்லை. ஆக 50 லிட்டரில் மொத்தமே 375 மில்லிகிராம். பாக்டீரியா மட்டும் ஒரு நாளில் கிட்டத்தட்ட அத்தனையையும் குடித்துவிடும். மீன் விடும் மூச்சு இதற்கு மேல். ஏர் மோட்டரிலிருந்து வரும் குமிழியில் உள்ள காற்றே கரைந்து மீனுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். பெரிய பங்கு அதனால் இல்லை. குமிழி மேலே வந்து உடைந்து தண்ணீர்ப்பரப்பைக் கலக்குகிறதே, அங்கேதான் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. அதனால் ஃபில்டர் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்த்தி, பார்க்க அமைதியாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். பரப்பு அலைய வேண்டும்.

இரண்டாவது கூலி காரத்தன்மை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டைச் சொல்கிறேன். பி.எச். கீழே விழாமல் தாங்குவது அதுதான். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது சுமார் 7 கிராம் காரத்தன்மை கரைந்துபோகிறது. நம் தொட்டியில் தினம் 535 மில்லிகிராம், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 11. போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் காரத்தன்மை 150-க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாங்கும். ‘மீனுக்கும் நல்ல தண்ணீர்தான் கொடுப்பேன்’ என்று ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றும் வீடுகள் இருக்கின்றன. அதில் காரத்தன்மை ஏறக்குறைய சூன்யம். கலந்து ஊற்றி 40 இருந்தாலும் நாலாவது நாள் காலி.

காலியானால் என்ன? பி.எச். மளமளவென்று 6-க்குக் கீழே இறங்கும். அந்த அமிலத்தில் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீன் சாகாது. இங்கேதான் சூட்சுமம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று விஷமான அம்மோனியா வாயு, மற்றது ஏறக்குறையத் தீங்கில்லாத அம்மோனியம் அயனி. எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் முடிவு செய்யும். 30 டிகிரியில், பி.எச். 6 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. பி.எச். 7 என்றால் நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பி.எச். 8 என்றால் நூற்றில் ஏழு எட்டு. ஆகவே லிட்டருக்கு 5 மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்த தொட்டியிலும் பி.எச். 6-இல் மீன் நீந்திக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது வீட்டுக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசாட்சி உறுத்துகிறது. ‘ரொம்ப நாளாச்சு, தண்ணீர் மாத்தணும்.’ பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, கடினமான போர் தண்ணீரை ஊற்றுகிறார். அம்மோனியா 5 பாதியாகி இரண்டரை ஆகிறது. அவர் கணக்கில் தண்ணீர் சுத்தமாகிவிட்டது. ஆனால் பி.எச். 8-க்கு ஏறினால் அந்த இரண்டரையில் விஷ வடிவம் 0.19 மில்லிகிராம். முன்பு இருந்தது 0.004. நாற்பது மடங்குக்கு மேல். சாயங்காலத்துக்குள் செவுள் சிவந்து மீன் துடிக்கும். மறுநாள் அவர் கடைக்குப் போய்ச் சொல்வார்: தண்ணீர் மாற்றினேன், எல்லாம் செத்துப்போச்சு. கடைக்காரர் சொல்வார்: அடிக்கடி மாத்தாதீங்க சார். இருவருமே பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தத் தவறான முடிவு இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

உங்கள் பையில் நடப்பதும் இதேதான். மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச்.சை இறக்கி வைத்திருக்கிறது. அம்மோனியாவும் சேர்ந்திருக்கிறது, ஆனால் பல்லில்லாத வடிவத்தில். முடிச்சை அவிழ்த்தால் கரியமில வாயு பறக்கும், பி.எச். ஏறும், அம்மோனியாவுக்குப் பல் முளைக்கும். வீட்டுக்குப் போய், மூடிய பையை வெப்பம் சமமாகும் வரை தொட்டியில் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

நீண்ட நாள் கவனிக்காத தொட்டியைக் காப்பாற்ற வழி இருக்கிறது, அவசரம்தான் கூடாது. முதலில் தீனியை நிறுத்துங்கள். தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும். அம்மோனியா சொட்டு சூன்யம் காட்டிய பிறகு பெரிய அளவில் மாற்றலாம். காரத்தன்மை குறைந்த தண்ணீர்தான் கிடைக்கும் என்கிறவர்கள் ஃபில்டரில் கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டிப் போடுங்கள். பி.எச். இறங்கும்போது அது தானே கரைந்து கொடுக்கும். ஆப்ப சோடாவும் உதவும். 1 கிராம் சோடா நம் 50 லிட்டரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் காரத்தன்மை தரும், ஒரு நாள் செலவுக்குச் சரியாகப் போகும். ஆனால் அம்மோனியா சேர்ந்த தொட்டியில் சோடாவைக் கொட்டி பி.எச்.சை ஏற்றாதீர்கள். அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதைதான்.

ஒழுங்காக ஓடுகிற தொட்டியில் எவ்வளவு மாற்றுவது? இங்கே இறுதிக் கழிவு நைட்ரேட். எவ்வளவு பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கினாலும் அது நைட்ரேட் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். விலையுயர்ந்த ஃபில்டரை வாங்கி வாளியிலிருந்து விடுதலை பெற்றதாக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தினம் 2 கிராம் தீனி வாரத்தில் லிட்டருக்கு 46 மில்லிகிராம் நைட்ரேட்டைச் சேர்க்கும். ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வாரம் கால்வாசி மாற்றினால் அது ஏறி ஏறி 184-இல் போய் நிற்கும். பாதி மாற்றினால் 92. வாரத்தில் இரண்டு தடவை பாதி பாதி மாற்றினால் 46. சாதாரண வீட்டு மீன்களுக்கு 50-க்குள் வைத்திருக்கலாம் என்பது என் அளவு. ‘வாரம் கால்வாசி’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும் விதி லேசான தொட்டிகளுக்காகச் செய்தது. நெருக்கமான தொட்டிக்கு அது போதாது.

சென்னையில் அந்தத் தண்ணீரே ஒரு பிரச்சினை. குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். மழைக்காலத்தில் கூடுதலாகவே போடுவார்கள். அது செவுளையும் பொசுக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் ஆன்டி குளோரின் என்று கொடுப்பது சோடியம் தயோசல்பேட். அதை வாளியிலேயே கலந்த பிறகு ஊற்றுங்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்து ஏர் ஸ்டோன் ஓட்டினாலும் குளோரின் போய்விடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் நிலத்தடியிலிருந்து வந்த கையோடு அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ராத்திரி முழுவதும் டிரம்மில் காற்றோட்டிவிட்டுக் காலையில் பயன்படுத்துங்கள். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மே மாத மத்தியானத்தில் கொதித்துக் கிடக்கும். அந்த நேரத்தில் மாற்றவே வேண்டாம்.

ஃபில்டர் பஞ்சை எடுத்துக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிகிறவர்கள் கையைத் தூக்க வேண்டாம், தெரியும். அந்தப் பழுப்பு நிறம்தான் உங்கள் ஆட்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை லேசாகப் பிழிந்தால் போதும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். நெருக்கமான தொட்டிக்கு ஒரு பெரிய ஃபில்டரைவிட இரண்டு சாதாரண ஃபில்டர் மேல் என்பேன். அதில் ஒன்று ஏர் மோட்டரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருக்கட்டும். மலிவு, பழுதாக ஒன்றும் இல்லை, கரண்ட் போனால் பேட்டரி மோட்டரில் அப்படியே மாட்டிவிடலாம்.

கரண்ட் என்றதும் 2023 டிசம்பர் ஞாபகம் வரும். மிக்ஜாம் புயலுக்குப் பின் நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மீன் கிலோவுக்கு மணிக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும். நம் தொட்டியில் மொத்தம் 200 கிராம் மீன் என்றால் மணிக்கு 50 மில்லிகிராம். பாக்டீரியாவின் பங்கையும் சேர்த்தால், ஆக்சிஜன் முழுமையாக நிறைந்த தொட்டியே நாலைந்து மணி நேரத்தில் ஆபத்துக் கோட்டுக்கு வந்துவிடும். இரண்டு மீன் தொட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. அவகாசம் என்று முதலில் சொன்னேனே, அதன் அளவு இதுதான். கரண்ட் போனதும் தீனி போடாதீர்கள். தீனி செரிக்கும்போது மீனுக்கு இன்னும் ஆக்சிஜன் வேண்டும். சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். மூடிய கேனிஸ்டர் சில மணி நேரம் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து செத்ததெல்லாம் தொட்டிக்குள் வந்து கொட்டும். திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு மாட்டுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அந்தப் பிள்ளைக்கு மீன் மீது நம்மைவிடப் பாசம் அதிகம். மூன்று நாளில் பாதி டப்பா காலியாகும். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும். ஒன்றும் போடாமல் போவதே நல்லது. மனசு கேட்காவிட்டால் ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, டப்பாவை ஒளித்து வையுங்கள். ஊரில் இருக்கும்போதும் வாரத்தில் ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். மீன் கண்ணாடியில் வந்து கெஞ்சும். அது எப்போதும் கெஞ்சும்.

வாளியைக் குறைக்கும் வழி ஒன்று உங்கள் பால்கனியிலேயே இருக்கிறது. மணி பிளான்ட் கொடியை வெட்டி, இலை வெளியேயும் வேர் தண்ணீரிலும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் வையுங்கள். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும், இலைக்குத் தேவையான கரியமில வாயு காற்றிலிருந்து கிடைக்கும், ஆகவே தண்ணீருக்குள் வளரும் செடியைவிட வேகமாக வளரும். ஆனால் தண்ணீர் மாற்றுவதை அது நிறுத்திவிடாது. கோல்டு ஃபிஷ் வேரைக் கொறிக்கும், அதற்கு ஒரு வலை கட்டுங்கள்.

‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, சக்கர் மீன், அதை வாங்காதீர்கள். அது கொஞ்சம் பாசியைத் தின்னும், உங்கள் தீனியையும் தின்னும், இருக்கும் எல்லா மீனையும்விட அதிகம் கழியும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று சென்னை ஏரிகளில் பெருகி, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தொட்டியில் இடம் போதாத எந்த மீனையும் ஏரி, குளம், கோயில் தெப்பம் எதிலும் விடாதீர்கள். வாங்கிய கடையில் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் விலையில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்து வாசலில் நின்று விசாரித்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவர் ஒருவராவது இங்கேயே கிடைப்பார்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது: “சார், கடைசியாகக் கேட்கிறேன், 2 அடித் தொட்டியில் எத்தனை மீன்?” கணக்கை நாமே போட்டாகிவிட்டது. வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்ற உங்களால் முடியும் என்றால், நைட்ரேட் 50-க்குள் நிற்க தினம் 1 கிராம் தீனிக்கு மேல் அந்தத் தொட்டி தாங்காது. உடல் எடையில் 2 சதவீதம் தீனி என்று வைத்தால் அது 50 கிராம் மீன். சின்ன டெட்ரா என்றால் ஒரு கூட்டமே விடலாம். ஒரு சாண் வளர்ந்த கோல்டு ஃபிஷ் என்றால் ஒன்றே 50 கிராமைத் தாண்டிவிடும். வாரம் இரண்டு தடவை வாளி தூக்கத் தயார் என்றால் 2 கிராம் தீனி வரை போகலாம், ஆனால் கரண்ட் போகும் ராத்திரிக்குப் பேட்டரி மோட்டர் கையில் இருக்க வேண்டும். சரி, அடுத்த சீட்டைக் கொடுங்கள்.